ராசி நிக்கர்

திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கப் போகிற ஆம்பிளைகள் கடலுக்கு அடியில் இறங்கும்போது அவர்கள் இடுப்பில் இருப்பது பெரும்பாலும் என் தையல்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று நான் சொன்னால் அது பச்சைப் பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக இரண்டு மிஷினோடு உட்கார்ந்திருக்கிறேன். கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. பிளாரன்ஸ் அக்கா கடை என்று சொன்னால் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற ஆட்டோக்காரர்கூடக் கொண்டுவந்து விட்டுவிடுவார்.

பொம்பளை டெய்லர் ஆம்பிளைக்கு இடுப்பளவு எடுக்கலாமா என்று ஆரம்பத்தில் ஒருத்தர் கேட்டார். "கடலுக்குள்ள அவுந்து போச்சுன்னா நீரு முங்கி எடுத்துக் குடுப்பீரா?" என்று கேட்டேன். அன்றோடு அந்தப் பேச்சு நின்றது. எல்லாருடைய அளவும் என் நோட்டில் இருக்கிறது. யாருக்குத் தொப்பை போட்டது, யார் இளைத்தார், எல்லாம் அதில் தேதியோடு இருக்கும்.

இந்த வருஷம் பொங்கல் கழிந்த கையோடு செபாஸ்டின் வந்தான். ஒரு வள்ளத்துக்குச் சம்மாட்டி. வள்ளமும் அவனுடையது, அதில் குளிக்கிற ஆறு பேரில் அவனும் ஒருத்தன். ஆறு பேருக்கும் ஒரே மாதிரி நிக்கர் வேண்டும் என்றான். அப்போது என்னிடம் புதுசாக ஒரு துணி வந்திருந்தது. பந்து விளையாடுகிற பையன்கள் போடுவார்களே, அந்த வழவழப்பான நைலான் துணி, மயில் நீலம். நான்தான் அதை எடுத்துக் காட்டினேன். தொடையிலும் இடுப்பிலும் இறுக்கமாக எலாஸ்டிக் வைத்து, இரட்டைத் தையல் போட்டு, இடுப்புப் பட்டிக்கு உள்ளே அவரவர் பெயரின் முதல் எழுத்தைச் சிவப்பு நூலில் போட்டுக் கொடுத்தேன். பயல்கள் போட்டுக்கொண்டு நின்றால் கப்பல்படை ஆட்கள் மாதிரி இருந்தார்கள். செபாஸ்டின் மட்டும் தன்னுடையதைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு போனான்.

அந்த நிக்கரோடு கடலுக்குப் போன முதல் நாளே அவர்கள் வள்ளத்துக்கு ஒரு வலம்புரி கிடைத்தது. லட்சம் சங்கில் ஒன்று அப்படித் திரும்பிச் சுழித்திருக்கும் என்பார்கள். எங்கள் கரையில் ஒருத்தனுக்கு வலம்புரி கிடைத்தால் அன்றைக்கு அவன் உடம்பில் என்ன இருந்ததோ அதை மாற்றமாட்டான். கழுத்துக் கயிறோ, காலில் கட்டிய துணியோ, அப்படியே இருக்கும். ராசி.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வந்தவர் போனவரிடமெல்லாம் என் நிக்கர்தான் வலம்புரியை எடுத்தது என்று சொன்னேன். போதாக்குறைக்கு அந்தப் பயல்களையும் கூப்பிட்டு, "ஏலே, அத நல்ல தண்ணில தொவைச்சுப்புடாதீங்கல, ராசி கரைஞ்சு போயிரும்" என்று சொல்லிவிட்டேன். விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் அவர்கள் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். கடலில் நனைவது, கொடியில் காய்வது, திரும்ப மாட்டிக்கொள்வது, இப்படி மூன்று வாரம் ஓட்டியிருக்கிறார்கள்.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை மத்தியானம். கடையில் ஜாக்கெட் வாங்க வந்த இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். செபாஸ்டின் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து என் மிஷின் மேல் பொத்தென்று போட்டான். பின்னால் அவன் வள்ளத்து ஆட்கள் ஐந்து பேரும் காலை அகட்டி வைத்து நின்றார்கள். அதில் பவுல் என்கிறவன் இரண்டு கையையும் லுங்கிச் சாரத்துக்குள் விட்டபடி நெளிந்துகொண்டிருந்தான்.

"அக்கா, ஒங்க நிக்கர நீங்களே வச்சுக்கிடுங்க. ஆறு பேருக்கும் கவட்டையெல்லாம் சொறி. துணில ஏதோ கெமிக்கல் இருக்கு" என்றான் செபாஸ்டின்.

"யாரு சொன்னா?"

"சொல்ல வேற செய்யணுமாக்கும்? பவுலு தூங்கி ஒரு வாரமாச்சு. தொட எல்லாம் தோலு உரிஞ்சு கெடக்கு. ஞாயித்துக்கெழம எல்லா சம்மாட்டியும் கூடுறாவ இல்லா, அங்கன வச்சுச் சொல்லுதேன். அந்த அக்காகிட்ட எவனும் தைக்காதீங்கன்னு."

எனக்கு உள்ளங்காலில் இருந்து சூடு ஏறியது. அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில்தான் பதினாலு வள்ளத்துக்கும் ஒரே மாதிரி நிக்கர், அதுவும் என்னிடமே தைப்பது என்று பேசி முடிக்கிறதாக இருந்தது. இவன் வாயைத் திறந்தால் என் இருபத்திரண்டு வருஷப் பெயர் அன்றோடு முடிந்தது. சொறித் துணி தைக்கிறவள் என்று சின்னப் பிள்ளைகூடக் கேலி பேசும்.

மூட்டையை அவிழ்த்தேன். ஐந்து நிக்கர் உப்புப் பூத்து, கருவாட்டுத் துண்டாக விறைத்துக் கிடந்தன. நாற்றத்துக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஆறாவதை எடுத்ததும் என் கை நின்றுவிட்டது. அது மெத்தென்று இருந்தது. இடுப்புப் பட்டியைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பு நூலில் 'செ'. பக்கத்தில் நான் போட்ட சாக்பீஸ் கோடு அழியாமல் இருந்தது. எலாஸ்டிக் ஒரு தடவைகூட இழுபடவில்லை. என் கண்ணுக்கு அது தப்பாது. இந்த நிக்கரை ஒருநாள்கூட ஒருத்தனும் உடுத்தவில்லை.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் முதலில் தோன்றியது. நிக்கரை உயர்த்திப் பிடித்து, ஏலே புளுகா, நீ போடாத நிக்கர் உனக்கு எப்படிடா சொறியைக் கொடுத்தது என்று கேட்டால் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. வேண்டாம் அக்கா என்று கண்ணாலேயே கும்பிட்டான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிக்கர் இல்லாமலே இவனுக்கு அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது. அது இத்தனை பேர் முன்னால் தெரிந்தால் ஊர் ஒரே ஒரு காரணத்தைத்தான் சொல்லும். இவன் பெண்டாட்டி விஜிலா இரண்டு மாதமாக மணப்பாட்டில் அம்மா வீட்டில் இருப்பது எல்லாருக்கும் தெரியும். இரண்டையும் முடிச்சுப் போட எங்கள் தெருவுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

நிக்கரைச் சுருட்டி மிஷின் டிராயருக்குள் போட்டு மூடினேன். கோபத்தை முழுங்குவது எனக்குப் பழக்கமே இல்லாத வேலை.

"எல்லாரும் வெளிய போங்க. சம்மாட்டிகிட்ட நான் கணக்குப் பேசணும்" என்று விரட்டினேன். ஜாக்கெட்காரிகளுக்குப் போக மனசே இல்லை. "ஒங்களுக்குத் தனியா சொல்லணுமா தாயீ?" என்றதும் போனார்கள்.

கதவைச் சாத்தியதும் செபாஸ்டின் ஸ்டூலில் உட்கார்ந்து முதல் காரியமாக என் தண்ணீர்ச் செம்பை எடுத்து அண்ணாந்து முழுசும் குடித்தான். பிறகு குடத்தில் மொண்டு இன்னொரு செம்பு.

"சொல்லுல" என்றேன்.

"எப்படிக்கா ஒங்ககிட்டச் சொல்ல?"

"ஒன் இடுப்ப ஒன் பொண்டாட்டியவிட அதிக தடவ அளந்தவ நான். வாயத் தொற."

தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது. தொடையிடுக்கில் இல்லை, முன்தோலில். சிவந்து, வெடித்து வெடித்து, வெள்ளையாகப் படிந்து, ஒன்றுக்குப் போனாலே எரிச்சல். கெட்ட நோய் என்று பயந்துபோய் விஜிலாவை நெருங்காமல் ஒதுங்கிப் படுத்தான். அவள் கேட்டாள். இவன் எரிந்து விழுந்தான். வேறு எவளோ இருக்கிறாள் என்று முடிவுகட்டி அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

"மாதா மேல சத்தியமா எவ பக்கமும் போனதில்லக்கா. ஆனா எவன் நம்புவான்? எனக்கே நம்பிக்க இல்ல. எங்கயாவது கக்கூஸ்ல ஒட்டிருச்சோன்னு நெனச்சேன். வலி தாங்காம முங்காம, வள்ளத்து மேல நின்னு, முங்குறவனுக்குப் போற காத்துக் குழாயப் பாத்துக்கிட்டிருந்தேன். நிக்கர் போட்டிருக்கேன்னு பயலுவகிட்டச் சொன்னேன். சாரத்துக்குள்ள எவன் பாத்தான்? பெறகு அவனுவளுக்கும் சொறி வந்ததும் எனக்குச் சந்தோசமாயிட்டு. நிக்கர்னால வந்ததுன்னு சொல்லிட்டா, அஞ்சோட ஆறா என்னுதும் போயிருமில்லா."

"அதுக்கு என் பேரக் கெடுப்பியா, எடுபட்ட பயல?"

அவன் அழுதுவிட்டான். நாற்பது வயது ஆம்பிளை, கடலுக்கு அடியில் திருக்கை மீனோடு மல்லுக்கட்டுகிறவன், என் துணி வெட்டுகிற மேஜையில் தலையை வைத்து அழுதான். எனக்கும் கண் கலங்கியது. ஆனால் கோபம் தீரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"நாளைக்குக் காலைல பெரியாஸ்பத்திரி. ஆறு பேரும். நானும் வாரேன்."

"நீங்க எதுக்குக்கா?"

"என் துணி மேல பழி வந்திருக்கில்லா. அது தீராம எனக்குச் சோறு எறங்காது."

வெள்ளிக்கிழமை இரண்டு ஆட்டோவில் போனோம். தோல் பிரிவில் வரிசையில் நிற்கும்போது ஐந்து பயல்களும் கைலேஞ்சியால் முகத்தை மூடிக்கொண்டார்கள். உள்ளே இருக்கிறது பொம்பளை டாக்டர், பெயர் இந்துமதி என்று பலகையில் பார்த்ததும் பவுல் திரும்பி நடந்தான். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்தேன். "ஒன் கைய சாரத்த விட்டு வெளிய எடுத்துட்டு அப்பறம் வெக்கப்படுல" என்றேன்.

ஒவ்வொருத்தனாகப் பார்த்து முடித்த பிறகு டாக்டர் ஐந்து பேரையும் சேர்த்து உட்கார வைத்தார். என்னையும் கூப்பிடச் சொல்லி பயல்களே கேட்டிருக்கிறார்கள். நான் கூட இருந்தால் டாக்டரின் திட்டு பாதியாகும் என்று நினைத்தார்கள் போல.

"என்ன போட்டீங்க இதுக்கு?" என்றார் டாக்டர்.

பவுல் சட்டைப் பையிலிருந்து நசுங்கிப்போன ஒரு டியூபை எடுத்தான். மருந்துக் கடையில் சும்மா கேட்டு வாங்கியது. வள்ளத்தில் எஞ்சின் பெட்டிக்குள் வைத்து ஐந்து பேரும் ஒரே டியூப், ஒரே துண்டு.

"இது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. தடவினா ரெண்டு நாள் சிவப்பு அடங்கும், அரிப்பு குறையும். உள்ளே படர்தாமரை ஜோரா வளரும். நாலு பேருக்கு அதுதான். ஒருத்தர் துண்டுல இருந்து இன்னொருத்தருக்குப் போயிருக்கு. பவுல், உங்களுக்குப் படர்தாமரையே இல்லை. நீங்க என்ன ஊத்தினீங்க?"

பவுல் முனகினான். புண் கழுவுகிற மருந்தைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றித் தேய்த்திருக்கிறான். காந்தக் காந்த நோய் ஓடுகிறது என்று நினைத்தானாம். முதலில் இருந்தது வெறும் உப்பு உரசல், அதைத் தோல் வெந்துபோகிற அளவுக்கு ஆக்கிக்கொண்டது அவன்தான் என்றார் டாக்டர்.

"கடல்விட்டு வந்ததும் நல்ல தண்ணீரில் குளிப்பீங்களா?"

"கடத்தண்ணியே மருந்து இல்லா டாக்டர்?" என்றான் ஒருத்தன்.

"உப்பு மருந்து இல்லை. உப்போட ஈரத் துணி நாள் முழுக்க உரசினா தோல் தாங்காது. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணியில கழுவணும். அந்த இடத்துல சோப்பு போட்டுத் தேய்க்க வேண்டாம். ஒத்தி ஒத்தி ஈரம் போகத் துடைக்கணும். துண்டு அவங்கவங்களுக்குத் தனி. நான் தர்ற மருந்தை அரிப்பு நின்னதும் தூக்கிப் போடக் கூடாது, நான் போதும்னு சொல்ற வரைக்கும் தடவணும்."

கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பார்த்தாயா, என் துணி மேல் தப்பு இல்லை என்று வாயெடுக்கப் போனேன். அதற்குள் டாக்டர் நான் கொண்டுபோயிருந்த நீல நிக்கரை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"தையல் ரொம்ப அழகா இருக்கு. யார் தைச்சது?"

"நான்தான் டாக்டர்."

"துணிதான் தப்பு. நைலான் வேர்வையை உறிஞ்சாது. இவ்வளவு இறுக்கமா இருந்தா காத்தும் போகாது. தண்ணிக்குள்ள போடுறது சரி, கரையில நாள் முழுக்கப் போட்டா இதுவும் ஒரு காரணம். இதை ஏன் யாருமே துவைக்கலை?"

ஐந்து பயல்களும் என்னைப் பார்த்தார்கள். நான் நிக்கரை வாங்கி மடிக்க ஆரம்பித்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் எவரும் என் துணி தப்பு என்று சொல்லி, அது உண்மையாகவும் இருந்ததில்லை. தையல் அழகு என்று முதலில் சொன்னாரே, அதை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியாக செபாஸ்டின். தனியாகப் பார்த்தபிறகு, "அக்காவும் இருக்கட்டும் டாக்டர், எனக்குப் பேச வராது" என்றான். டாக்டர் அவனிடம் தாகம் அதிகமா, ராத்திரி ஒன்றுக்கு எழுந்திருக்கிறீர்களா, இளைத்தீர்களா என்று கேட்டார். இளைக்கவில்லை என்றான்.

"பொய்" என்று நான் நோட்டை எடுத்தேன். பையிலேயே வைத்திருந்தேன். "போன வருசம் லெந்து நோம்பு காலத்துல இடுப்பு முப்பத்தாறு. இந்தப் பொங்கலுக்கு முப்பத்திமூணு. நேத்து என் கடையில ரெண்டு செம்புத் தண்ணி குடிச்சான். என் டேப் பொய் சொல்லாது டாக்டர்."

டாக்டர் நோட்டை வாங்கி உற்றுப் பார்த்தார். "ரத்தம் எடுக்கும் முன்னாலேயே பாதி ரிப்போர்ட்டு கையில வந்திருச்சே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு நைலான் மறந்துபோனது.

சர்க்கரை முந்நூற்று நாற்பத்திரண்டு இருந்தது. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் சிறுநீரிலும் ஏறும், முன்தோலுக்கு அடியில் பூஞ்சை அதைத் தின்று வளரும், பல ஆண்களுக்குச் சர்க்கரை நோய் முதலில் இப்படித்தான் தெரியவரும் என்றார் டாக்டர். மாத்திரை, களிம்பு, வெறும் தண்ணீரில் மெதுவாகக் கழுவி ஈரமில்லாமல் வைத்துக்கொள்வது, சாப்பாட்டுக் கட்டுப்பாடு. மனைவிக்கும் அரிப்பு இருந்தால் அவரையும் கூட்டிவரச் சொன்னார். கெட்ட நோய்க்கான சோதனையையும் எடுத்தார்கள். மறுநாள் வந்து முடிவை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

"இதை மறைச்சு வச்ச ரெண்டு மாசம்தான் உங்களைக் கெடுத்தது" என்றார் டாக்டர்.

மறுநாள் சனிக்கிழமை நானும் அவன்கூடப் போனேன். கெட்ட நோய் ஒன்றும் இல்லை என்று சீட்டில் வந்திருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றே அவன் மணப்பாட்டுக்கு போன் போட்டான். விஜிலாவின் சத்தம் எனக்கே கேட்டது. "சக்கரைக்கா என்னைய அம்ம வீட்டுக்கு அனுப்புனிய? சக்கரைக்கா?" என்று கத்தியவள், அப்புறம் விசும்பினாள். நான் தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

திரும்பி வரும் வழியில் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்ன சொல்வான் என்று தெரியாது. அவனுடைய நிக்கர் என் டிராயரில்தான் இருந்தது. அதை எடுத்துக் காட்டப்போவதில்லை என்று தீர்மானித்திருந்தேன். என் பெயர் போனாலும் போகட்டும் என்று சொல்கிற அளவுக்கு நான் புனிதை இல்லை. அன்று ராத்திரி முழுக்க அவனைத் திட்டிக்கொண்டுதான் படுத்திருந்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து கரையில் வள்ளங்களுக்கு நடுவே பதினாலு சம்மாட்டிகளும் அவர்கள் ஆட்களும் கூடினார்கள். அறுபது எழுபது பேர் இருக்கும். நான் ஓரமாக நின்றேன். நிக்கர் பேச்சு வந்ததும் ஒரு மூத்த சம்மாட்டி, "பிளாரன்ஸ் துணில சொறி வருதுன்னு பேச்சா இருக்கே, என்னல செபாஸ்டின்?" என்றார்.

செபாஸ்டின் எழுந்தான். அவனுக்குப் பின்னால் வள்ளத்தின் நிழலில் விஜிலா நின்றிருந்தாள். காலை பஸ்ஸில் வந்திருக்கிறாள் போல, கையில் பெட்டி இருந்தது.

"அந்த நிக்கர நான் உடுத்தவே இல்ல" என்றான். "அக்காவுக்கு அது தெரியும். என் பேரு எழுத்தோட அது மடிப்புக் கலையாம அவிய கையில மாட்டுச்சு. நாலு பேரு முன்னால தூக்கிக் காட்டிருந்தா அவிய பேரு தப்பிச்சிருக்கும், நான் நாறிப் போயிருப்பேன். காட்டல. எனக்கு வந்தது சக்கர. சக்கர கூடினா ஆம்பிளைக்கு அந்த எடத்துல தோலு வெடிக்குமாம், அரிக்குமாம். நான் கெட்ட சீக்குன்னு பயந்து என் பொண்டாட்டிய அழவச்சேன். அக்கா மேல பழி போட்டேன். சிரிக்கிறவன் சிரிச்சுக்கிடலாம்."

ஒருத்தனும் சிரிக்கவில்லை. விஜிலா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து அவன் பக்கத்தில் நின்றாள். இந்தக் கரையில் அலைக்கும் திருக்கைக்கும் பயப்படாதவர்கள் நிறைய உண்டு. ஆனால் எழுபது ஆம்பிளைகள் முன்னால் சாரத்துக்குள் இருக்கிற நோயை வாய்விட்டுச் சொன்ன ஒருத்தனை அன்றைக்குத்தான் பார்த்தேன். என் கடையில் அழுதவனா இவன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. என் தம்பியாக இருந்தால்கூட அவ்வளவு பெருமைப்பட்டிருக்கமாட்டேன்.

அவனே அவ்வளவு சொன்ன பிறகு நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் நான் பிளாரன்ஸ் இல்லை.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க" என்று முன்னால் போனேன். "மத்த அஞ்சு பேருக்கு வந்ததுல என் தப்பும் உண்டு. பவுசுக்கு நைலான் துணிய நான்தான் எடுத்துக் குடுத்தேன். தொவைக்காதீங்க, ராசி போயிரும்னு சொன்னதும் இந்த வாய்தான். இனி முங்குறதுக்கு மட்டும் நைலானு. கரைக்கு வந்ததும் மாத்திக்கிட ஆளுக்கு ரெண்டு பருத்தி நிக்கர், லூசா. அத நான் கூலி வாங்காம தைச்சுத் தாரேன். தைக்கக் குடுக்கதும் குடுக்காததும் ஒங்க இஷ்டம்."

கூட்டத்தில் இருந்தவர்கள் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். பிறகு அந்த மூத்த சம்மாட்டி தொண்டையைச் செருமினார். அறுபது வயது, ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஏலே செபாஸ்டின், அந்த டாக்டரம்மா எந்தெந்தக் கெழம உக்காருவாவ?" என்றார்.

பதில் என்ன என்று கேட்க இருபது தலைகளாவது அவன் பக்கம் திரும்பின.

"செவ்வாயும் வெள்ளியும், காலைல எட்டு மணிக்கு" என்று நானே சத்தமாகச் சொன்னேன். "ஆட்டோவுக்கு நான் சொல்லி வைக்கேன். எல்லாரும் நல்ல தண்ணில குளிச்சிட்டு வாங்கல."